பின்னால் மலை இல்லாத ஊர்

சாகும்போது ஜெயலெட்சுமி டீச்சரின் கடவுச்சீட்டில் ஒரு முத்திரைகூட இருக்கவில்லை. எல்லாப் பக்கமும் வெறுமை. ஆனாலும் 2023ஆம் வருடத்தில் மட்டும் அவர் ஐந்து நகரங்களில் குடியிருந்து பார்த்துவிட்டார் என்று சொன்னால் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள். பள்ளி விட்டு வரும் வழியில், தண்ணீர்த் தாங்கி வளைவில், குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடி அவர் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மேல் டிவிசனில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான்.

"டீச்சர் இன்னைக்கு எந்த ஊர்ல?" என்று கொழுந்து மூட்டையோடு இறங்குகிற பெண்கள் கேட்பார்கள்.

"மஸ்கட்ல."

"வெயிலா?"

"கொளுத்துது."

மழையில் நனைந்துகொண்டே சிரிப்பார்கள்.

தோட்டம் இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே, பஸ் ஏறாத உயரத்தில் இருந்தது. ஜெயலெட்சுமி அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கி இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. வயது ஐம்பத்தொன்று. பயிற்சிக் கலாசாலையில் இருந்த இரண்டு வருடத்தைத் தவிர அவர் வேறெங்கும் தங்கியதில்லை. ஆனால் உலகத்து நகரங்களில் பாதியை அவருக்குப் பெயரால் தெரியும். தோட்டத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போன எல்லோருடைய படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தவர் அவர்தான். குவைத், ரியாத், டோஹா, அம்மான். அந்தப் படிவங்களில் ஊரைப் போகிறவர் தேர்ந்தெடுப்பதில்லை. ஏஜென்சிக்காரர் சொல்கிற ஊரை டீச்சர் எழுதுவார். போகிறவர் கீழே கையெழுத்து வைப்பார். அவ்வளவுதான்.

2022இல், எரிவாயுவுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறை எடுத்து வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. பள்ளியில் அதை எல்லோரும் வாசித்தார்கள். ஜெயலெட்சுமி மட்டும் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வருடம், வெளிநாடுகளில் ஆங்கிலம் படிப்பிக்க ஆள் எடுக்கும் இணையத்தளம் ஒன்றில் அவருடைய மகள் மதுஷா அவரைப் பதிவு செய்தாள். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: எந்த நகரத்தில் வாழ விரும்புகிறீர்கள்? பதிலுக்கு மூன்று வரி விட்டிருந்தார்கள்.

"நம்மளைக் கேக்கிறாங்க மதுஷா," என்றார் தொலைபேசியில். "எந்த ஊர்ல இருக்க விருப்பம்னு நம்மளைக் கேக்கிறாங்க."

"ஆமாம்மா. நிரப்புங்க."

"சும்மா நிரப்ப முடியுமா? யோசிக்கணும்ல."

மதுஷாவுக்கு இருபத்தைந்து வயது. கட்டடத் தொழில்நுட்பம் படித்துவிட்டுக் கொழும்பில் ஒரு நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் வேலை செய்தாள். யோசிப்பது என்றால் அவளுக்கு அட்டவணை. அன்று பின்னேரமே ஒன்று தயார் செய்து அனுப்பினாள். ஐந்து நகரங்கள்: மாலே, மஸ்கட், ஹனோய், திபிலீசி, புனோம் பென். ஒவ்வொன்றுக்கும் எதிரே வீசா விதி, வயது எல்லை, கேட்கும் தகைமை, வாடகை, வெப்பநிலை, இங்கிருந்து விமானத்தில் எத்தனை மணித்தியாலம் என்று கட்டங்கள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒரு கட்டம் காணோம்."

"என்ன கட்டம்?"

"மலை."

"மலைக்கும் இங்கிலீசு படிப்பிக்கிறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உனக்கா தெரியாது?"

மதுஷாவுக்குத் தெரியும். அவர்களுடைய லயத்தின், அந்த நீள வரிசை வீடுகளின், பின்சுவருக்கும் மலைச்சரிவுக்கும் இடையில் ஒரு வடிகால் காண் மட்டுமே இருந்தது. அந்தக் காணில் நெடுக ஒரு வெடிப்பு. கல்லூரியில் படிக்கும்போது மதுஷா வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆணி அடித்து, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இடைவெளியை அளந்து கொப்பியில் எழுதிவைத்தாள். முதல் வருடம் மூன்று மில்லிமீற்றர் கூடியது. அடுத்த வருடம் எட்டு. ஒக்டோபரில் மண்சரிவு மழை தொடங்கிவிட்டால் ஜெயலெட்சுமி அடையாள அட்டை, சான்றிதழ்கள், கணவரின் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் வைப்பார். தை பிறந்த பிறகுதான் அவிழ்ப்பார்.

அட்டவணையில் மலைக்கு ஒரு கட்டம் சேர்ந்தது.

திபிலீசி அந்தக் கட்டத்திலேயே விழுந்தது. அடுத்தது மஸ்கட். "அது மண் இல்லம்மா, கல்லு மலை. சரியாது" என்று மகள் வாதாடிப் பார்த்தாள். "மலை மலைதான்" என்றுவிட்டார். ஹனோய்க்குப் பட்டம் வேண்டும். அவரிடம் இருந்தது பயிற்சிச் சான்றிதழ். மாலே தட்டை, மேசை மாதிரி. ஆனால் அங்கே வேலைக்கு எடுக்கும் வயது அவருக்குக் கடந்திருந்தது. எஞ்சியது புனோம் பென். சமதரை நகரம், நடுவே பெரிய ஆறு.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள் மதுஷா. "அந்த ஊர்ப் பேர்லயே மலைன்னு அர்த்தம் வருதாம். ஊருக்குள்ள ஒரு குன்று இருக்கு."

"எவ்வளவு உசரம்?"

"இருபத்தேழு மீற்றர்."

ஜெயலெட்சுமி வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு அதை விட உசரம்டி."

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் தண்ணீர்த் தாங்கி வளைவில் நின்று அவர் புனோம் பென்னில் நடந்தார். கைபேசி வரைபடத்தில் தெருவின் படம் தெரியும். விரலால் தள்ளத் தள்ள முன்னே போகும். அந்த நகரத்துத் தெருக்களில் அநேகத்துக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான். ஒற்றை இலக்கம் எல்லாம் ஒரு திசையில் ஓடும், இரட்டை இலக்கம் குறுக்கே ஓடும். இது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. "ஏழாம் நம்பர் லயம், எட்டாம் நம்பர் லயம் மாதிரித்தான், தொலைஞ்சு போக வழியே இல்ல" என்று கணவர் வீரய்யாவிடம் சொன்னார். ஒரு தெருவில் பச்சைக் கதவு போட்ட மாடி வீடு ஒன்று இருந்தது. அதன் மேல்மாடியில் ஓர் அறையைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டார். அதற்கு நான்கு பக்கமும் கூரை வரை சுவர் இருக்கும் என்று நம்பினார். லயத்தில் அப்படி இல்லை. பக்கத்து வீட்டுக் காம்பராவில் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் தாளிப்பதை நிறுத்துவார்கள்.

செப்டம்பரில் அந்த நகரத்துத் தனியார் பள்ளி ஒன்று அவரை நேர்காணலுக்கு அழைத்தது. சனிக்கிழமை. பள்ளியின் கணினி அறையை அதிபர் திறந்துவிட்டார். ஜெயலெட்சுமி நீலச் சேலை கட்டி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். திரையில் பள்ளித் தலைவி தோன்றி, வணக்கம் சொல்லி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

ஜெயலெட்சுமி எழுந்து நின்றுவிட்டார்.

வேண்டுமென்று செய்ததல்ல. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அது முழங்காலில் இருக்கும் பழக்கம். துரையோ கிளாக்கரோ வாய் திறந்தால் எழுந்துவிட வேண்டும். அங்கே திரையில் தெரிந்தது ஒரு நீலச் சேலையின் இடுப்பு மட்டும்தான்.

முகம் தெரியவில்லை, தயவுசெய்து உட்காருங்கள் என்றார் தலைவி. உட்கார்ந்தார். அடுத்த கேள்வி வந்தது. மறுபடி எழுந்தார். மூன்றாம் தடவை தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் ஏதும் கோளாறா என்று கேட்டார். கோளாறு நாற்காலியில் இல்லை, எங்கள் ஊரில் வேலை தருகிறவர் பேசும்போது உட்கார்ந்திருக்க மாட்டோம் என்று ஜெயலெட்சுமி உள்ளதைச் சொன்னார். தலைவி சிரிப்பை நிறுத்தினார். பிறகு, எங்கள் பிள்ளைகளும் ஆசிரியர் வந்தால் எழுந்து நிற்பார்கள், நீங்கள் வந்து அவர்களை உட்கார வையுங்கள் என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. நவம்பர் முதல் வாரம் அங்கே இருக்க வேண்டும்.

மதுஷா கடிதத்தை நான்கு தடவை வாசித்துச் சரி பார்த்தாள். இனி வேண்டியது விடுமுறை அனுமதி மட்டும். அதிபர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வதிவிடச் சான்றிதழுக்கு ஜெயலெட்சுமி கிராம சேவகரிடம் போனார். தோட்டத்து ஆள் என்பதால் தோட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார் அவர். அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த கிளாக்கர் ஐயா, கணினியில் பார்த்து, அச்சடித்து, முத்திரை குத்தி, ஐந்து நிமிடத்தில் கொடுத்தார். ஜெயலெட்சுமி அதை வாசித்துப் பார்க்கவில்லை. ஊரார் கடிதத்தையெல்லாம் வரிவரியாக வாசிக்கிறவர், தன்னுடையதை வாசிக்காமல் உறையில் போட்டார். மழைக்கு முன் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்ற அவசரம்.

பதுளை வலயக் கல்விப் பணிமனையில் விடுமுறை விண்ணப்பக் கோவைகளைச் சரிபார்க்கிறவர் றுமைஸா. ஜெயலெட்சுமியைப் பல வருடமாகத் தெரியும். செவ்வாய்க்கிழமை கோவையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டி வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"டீச்சர், நீங்க கொழுந்தும் எடுக்கிறீங்களா?"

"என்ன?"

"இஞ்ச எழுதி ஈக்குது. ஏழாம் லயம், நாலாம் காம்பரா, பதிவுத் தொழிலாளி, கொழுந்து எடுப்பவர். எட்டு வருஷமா வேலைக்கு வாறாராம். போன மாசம் இருபத்திரெண்டு நாள்."

ஜெயலெட்சுமி கதிரையிலிருந்து எழுந்துவிட்டார்.

றுமைஸா கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் இதைப் பாக்கல்ல. நீங்களும் தரல்ல. இது மேல போனா லீவு இல்ல, வேலையே போயிரும் டீச்சர். அரசாங்க வேலையில ஈக்கிற ஆள் இன்னொரு இடத்துல பதிவில ஈக்கேலாதே. தோட்டத்துல செல்லி, பேரை வெட்டி, புதுக் கடிதம் ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை பின்னேரம் கோவை மேல போகுது. அதுக்குப் பொறகு என்னால ஏலாது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெயலெட்சுமி கடிதத்தை முதல் தடவையாக வாசித்தார். பிழை எதுவும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கதை இதுதான். 2014இல் வீரய்யாவின் வலது கை தொழிற்சாலையில் உருளைக்குள் அகப்பட்டு மூன்று விரல் போனது. தோட்டம் அவரை ஓய்வில் அனுப்பியது. லயக் காம்பரா உழைக்கிற ஆளுக்குத்தான். வீட்டில் ஒருவர் பெயராவது தோட்டப் பதிவில் இருந்தால்தான் அங்கே குடியிருக்கலாம். ஜெயலெட்சுமி தன் சம்பளத்தில் அந்தக் காம்பராவுக்கு முன்னால் ஓர் அறை இழுத்து, தரைக்கு ஓடு பதித்து, தனிக் கக்கூசும் கட்டியிருந்தார். நிலம் அவர்களுடையதல்ல. பதித்த ஓட்டைக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

அதற்கு அடுத்த வருடம் கொஸ்லந்தப் பக்கமிருந்து ரெங்கம்மா வந்து சேர்ந்தார். மீரியபெத்தயில் மண் சரிந்தபோது அவர் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது லயம் இருக்கவில்லை. இந்தத் தோட்டத்தில் இருந்த தங்கையின் வீட்டோடு இருந்துகொண்டு வேலை கேட்டார். புதுப்பதிவுக்கு வயது கடந்துவிட்டது என்றார்கள். ஒருத்திக்குப் பெயர் வேண்டும், ஒருத்திக்குக் கை வேண்டும். அப்போதிருந்த பழைய கங்காணி இரண்டையும் சேர்த்து வைத்தார். "பேருதானே டீச்சர், சும்மா கெடக்கிறது" என்றார். அன்றிலிருந்து ஜெயலெட்சுமியின் பெயரில் ரெங்கம்மா கொழுந்து எடுத்தார். கூலி முழுவதும் ரெங்கம்மாவுக்கு. வீடு இவர்களுக்கு. மேல் டிவிசன் முழுக்க அது தெரிந்த விஷயம்; பேசுவதற்கு ஒன்றுமில்லாத விஷயம். எட்டு வருடத்தில் ஜெயலெட்சுமிக்கே அது மறந்துபோயிருந்தது. புதிய கிளாக்கருக்கு மட்டும் தெரியாது. அவர் கணினியில் இருந்ததை அச்சடித்தார்.

வீரய்யா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, இடது கையால் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஜெயலெட்சுமி நடந்ததைச் சொன்னார்.

"வெட்டிரு," என்றார் அவர், விறகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வெட்டினா வீட்டை விடச் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"நீங்க எங்க போவீங்க?"

"நான் என்ன சின்னப் புள்ளையா? கோயில்ல படுப்பேன். நீ அங்க போயி ஆத்தங்கரையில வீடு புடி, நான் பின்னால வாறேன். எனக்கும் இங்கிலீசு தெரியும். குட் மார்னிங் துரை. போதாதா?"

அவர் சிரித்தார். ஜெயலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த விறகை எடுத்து வைத்துக்கொண்டு வீரய்யா மெதுவாக ஆரம்பித்தார்.

"இல்லாட்டி ஒண்ணு செய்யலாம். மதுஷா பேரைப் போட்டுட்டா? அவளுக்கு வயசிருக்கு. குடும்பத்து ஆளுன்னா எடுப்பாங்க. பேருதானே."

"அந்தப் பேச்சை எடுக்காதீங்க."

"அவளா வந்து கொழுந்து எடுக்கப் போறா? ரெங்கம்மாதானே..."

"எடுக்காதீங்கன்னு சொன்னேன்." குரல் உயர்ந்தது. பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்றது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் அம்மா பேர் அந்தப் புத்தகத்துல இருந்துச்சு. என் பேரும் ஏறிருச்சு. நானாத்தான் குடுத்தேன், சும்மான்னு நெனைச்சுக் குடுத்தேன். இன்னைக்கு அது என் காலைப் புடிக்குது. அவ நாளைக்கு எங்கயாச்சும் போகணும்னு நிப்பா. அவ காலையும் புடிக்கணுமா? அவ பேர் அதுல ஏறக்கூடாது. அவகிட்ட கேக்கவும் கூடாது."

"கேட்டா சரிம்பா."

"அதனாலதான் கேக்கக்கூடாது."

புதன்கிழமை பின்னேரம் ரெங்கம்மா தானாகவே வந்தார். செய்தி அதற்குள் லயம் முழுக்கப் போயிருந்தது. வாசலிலேயே நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"டீச்சரம்மா, வெட்டிட்டுப் போங்க. என்னைய நெனைக்காதீங்க."

"நீங்க என்னக்கா செய்வீங்க?"

"மொனராகலையில கரும்பு வெட்ட ஆள் எடுக்கிறாங்களாம்."

"இந்த முதுகோடயா?"

"முதுகைப் பாத்தா எடுக்கிறாங்க? கையைத்தான் பாப்பாங்க." ரெங்கம்மா கையை விரித்துக் காட்டினார். கொழுந்துக் கறையில் விரல்கள் கறுத்திருந்தன. "எட்டு வருஷம் உங்க பேர்ல நல்ல பேர்தான் எடுத்துக் குடுத்திருக்கேன். ஒரு நாள் கொழுந்து கொறைஞ்சதுன்னு ஐயா உங்களைத் திட்டியிருப்பாரா? சொல்லுங்க."

"இல்லக்கா."

"அப்ப நல்லபடியா வெட்டுங்க. ஒரு மானத்தோட வெட்டுங்க. நாளைக்குப் பெரட்டுல பேரைக் கூப்பிடுறப்ப நான் வாய் தெறக்க மாட்டேன்."

இப்படியாக, போகவேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜெயலெட்சுமி சண்டை பிடித்துக்கொண்டு போயிருப்பார்.

பெயரை வெட்டுவதைப் பெரட்டில், காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில், வந்துதான் சொல்லவேண்டும் என்று கிளாக்கர் ஐயா சொல்லியனுப்பியிருந்தார். நாலு பேர் முன்னால் வெட்டினால்தான் பிறகு கதை வராது. அன்று பின்னேரம் வீரய்யா அலுவலகப் பக்கம் போய் வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, கடிதம் தயாராக இருக்குமா என்று கேட்கப் போனேன் என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறரை. தூறல். பெரட்டுக் களத்தில் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, வரிசையாக நின்றார்கள். ஆசிரியையாகி இருபத்தாறு வருடத்தில் ஜெயலெட்சுமி அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு வந்ததில்லை. அந்த நேரத்தில் அவர் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார். பெண்கள் இருவர் மூவராக அவருக்கு வணக்கம் சொன்னார்கள். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். ரெங்கம்மா மூன்றாம் வரிசையில் நின்றார். அன்றைக்கு வேலை இல்லை என்று தெரிந்தும் படங்கு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கங்காணி ரமேஸும் அவரிடம் படித்தவன்தான். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு மட்டுமட்டாக எஸ் தேறியவன். அதை எடுக்கவே இரண்டு வருடம் தனிப்பாடத்துக்கு அவர் வீட்டுக்கு வந்துபோனவன். ஒரு கையில் குடையும் மறு கையில் பெயர்ப் புத்தகமுமாக அவன் அவரிடம் ஓடி வந்தான்.

"டீச்சர், நீங்க ரொம்ப நேரம் நிக்க வேண்டியதில்ல. எல்லாம் சரி பண்ணியாச்சு. கடிதமும் பத்து மணிக்கு ரெடி. உங்க பேரைக் கூப்பிடுவேன், வெட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"வீடு?"

"வீட்டுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். ரெங்கம்மாவுக்கும் ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு இன்னும் தெரியாது, இப்பத்தான் சொல்லணும்." அவன் முகம் மலர்ந்திருந்தது. நல்ல செய்தி சொல்கிறவனின் முகம். "வீரய்யா மாமா நேத்தே வந்து மதுஷா பேரைக் குடுத்துட்டாரு. பாருங்க, எழுதி வச்சிருக்கேன்."

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். ஜெயலெட்சுமி என்ற பெயருக்குக் கீழே பென்சிலால் மதுஷா என்று எழுதியிருந்தது. அழகான கையெழுத்து. அவர் பழக்கிய கையெழுத்து.

"பென்சில்லயா எழுதியிருக்க?"

"உங்க பேரை வெட்டினதும் பேனையால எழுதிருவேன் டீச்சர்."

மேற்பார்வை ஐயா விசில் ஊதினார். ரமேஸ் வரிசைக்கு முன்னால் போய் நின்று பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினான். கூப்பிடக் கூப்பிட, தூறலுக்குள்ளிருந்து "இருக்கேன்", "இருக்கேன்" என்று குரல்கள் வந்தன. ஜெயலெட்சுமி கணக்குப் போட்டுப் பார்த்தார். வீரய்யா செய்தது துரோகம் அல்ல. மூன்று விரல் இல்லாத கையோடு அவர் அலுவலகம் வரை நடந்து, கிளாக்கர் முன் நின்று கேட்டது மனைவி போகவேண்டும் என்றுதான். ரெங்கம்மாவுக்கு வேலை மிஞ்சும். வீடு மிஞ்சும். ஒரு வார்த்தை போதும். கொழும்பில் மதுஷா இந்நேரம் பஸ்ஸுக்கு நிற்பாள். அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் சரி என்பாள். பேருதானே என்பாள்.

"ஜெயலெட்சுமி!"

டீச்சர் என்ற சொல் இல்லாமல், அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால் தன் பெயர் கூப்பிடப்படுவதை அவர் முதல் தடவையாகக் கேட்டார்.

மூன்றாம் வரிசையில் ரெங்கம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாய் திறக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜெயலெட்சுமி!"

ரமேஸ் பேனையின் மூடியைக் கழற்றிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தான். வெட்டுங்க என்று சொல்வதற்கான இடைவெளி அது. அவன் மட்டுமல்ல, வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"இருக்கேன்," என்றார் ஜெயலெட்சுமி.

"டீச்சர்?"

"இருக்கேன்னு சொன்னேன். போட்டுக்கோ. கீழ எழுதினதை அழி."

"டீச்சர், மாமா சொன்னாரே..."

"அழி ரமேஸ். நான் பாக்க அழி."

அவனிடம் அழிறப்பர் இருக்கவில்லை. நனைந்த பெருவிரலால் தேய்த்தான். தாள் கொஞ்சம் கிழிந்தது. பெயர் போய்விட்டது. அவர் குனிந்து பார்த்து, போய்விட்டதை உறுதி செய்துகொண்டார். பிறகு ரெங்கம்மாவின் பக்கம் திரும்பி, "போங்கக்கா, வரிசை போயிருச்சு" என்றார். ரெங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களின் பின்னால் மலையில் ஏறினார்.

ஏழரைக்குப் பள்ளி. அவர் தண்ணீர்த் தாங்கி வளைவில் நின்று புனோம் பென் பள்ளிக்கு எழுதினார். குடும்பக் காரணங்களால் நவம்பரில் வர இயலாது, மன்னிக்கவும் என்று இரண்டு வரி. தலைவி உடனே பதில் போட்டார். வருத்தம் தெரிவித்து, அடுத்த வருடம் விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார். ஜெயலெட்சுமி நன்றி என்று அனுப்பினார். வீரய்யாவிடம் அவர் கோபிக்கவில்லை. மூன்று நாள் பேசவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருடம் ஓகஸ்ட் மாதம், ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தார். மூளையில் இரத்தக் கசிவு. பதுளைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை காலை, வளைவிலிருந்து பள்ளிக்கு ஏறுவதற்கு முன் மதுஷாவுக்கும் ஒரு செய்தி அனுப்பினார். "போகல" என்று ஒரே சொல்.

"ஏன்?" என்று மதுஷா கேட்டாள்.

வாசித்ததற்கு அடையாளமான நீலக் கோடுகள் விழுந்தன. அதற்குப் பிறகும் பத்து மாதம் ஜெயலெட்சுமி மகளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். சாப்பிட்டாயா, மழையா, எப்போது வருகிறாய். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை.